16 வருட வேலை, 45 நிமிட இன்டர்வியூ: வாசகர் கேள்விகள்

போன இதழில் வேலை மாறுவது பற்றி ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், அனுபவசாலிகளுக்கு நடத்தும் டெக்னிக்கல் இன்டர்வியூக்கள் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. நான் 1990-களின் கடைசியில் ஒய்2கே (2000-ம் ஆண்டுத் தேதிச் சிக்கல்) வேலைக்காக கோபோல் மொழியில் நிரல் எழுத வந்தவள். இன்றும் பேனலில் உட்காருகிறேன். கேள்வி கேட்கும் நாற்காலி, பதில் சொல்லும் நாற்காலி இரண்டும் எனக்குப் பழக்கம்.

கேள்வி: மேடம், எனக்கு 41 வயது. ஜாவாவில் 16 வருட அனுபவம். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்களை செட்டில் செய்யும் ஒரு சாஃப்ட்வேரை முதல் வரியிலிருந்து எழுதிய டீமில் இருந்தேன். 2021 டிசம்பரில், ஜாவா ப்ரோகிராம்களில் லாக் எழுதப் பயன்படும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி சரியாகத் தூங்காமல் எல்லா சர்வீஸ்களையும் சரிசெய்தவர்களில் நானும் ஒருவன். போன மாதம் ஒரு நிறுவனத்தில் ஆன்லைன் இன்டர்வியூ. பிளஸ், மைனஸ் கலந்த எண்களின் வரிசையைக் கொடுத்து, 'இதில் தொடர்ச்சியான எந்தப் பகுதியைக் கூட்டினால் அதிகபட்சத் தொகை வரும்?' என்று கேட்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக லூப் போட்டு எழுதினேன். சரியாக ஓடியது. 'இதைவிட வேகமாக முடியாதா?' என்றார் எதிரில் இருந்தவர். அவருக்கு 27, 28 வயது இருக்கலாம். யோசித்தேன், வியர்த்தது, ஒன்றும் வரவில்லை. அத்தோடு முடிந்தது. நான் செய்த வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வீட்டில் மனைவியிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 16 வருடத்துக்கு மதிப்பே இல்லையா?
பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: உங்களிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

1977-ல் அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் கிரெனாண்டர் என்ற பேராசிரியர், படங்களில் உள்ள அமைப்புகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் இந்தக் கணக்கைச் சந்தித்தார். அவர் கையில் இருந்த முறை, நீங்கள் எழுதினீர்களே, கிட்டத்தட்ட அதே இரட்டை லூப், அதாவது ஒவ்வொரு எண்ணிலிருந்தும் தொடங்கி மீதி எண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது. அதைக் கேள்விப்பட்ட மைக்கேல் ஷாமோஸ் என்ற கணினி அறிஞர் ஒரு ராத்திரி உட்கார்ந்து அதைவிட வேகமான முறையைக் கண்டுபிடித்தார். இதற்கு மேல் வேகமாக முடியாது என்றுதான் அவரும் நண்பர்களும் நினைத்தார்கள். பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் இதை அவர் விவரித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த புள்ளியியல் பேராசிரியர் ஜே கடேன் ஒரே லூப்பில் முடியும் வழியைச் சொன்னார். இன்று கடேன் அல்காரிதம் என்று எல்லாப் பயிற்சித் தளங்களிலும் இருப்பது அதுதான்.

ஆக, இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தே வாழ்ந்தவர்களுக்கு ஒரு ராத்திரி யோசித்தும் பிடிபடாத ஒன்றை, கேமரா முன்னால் அரை மணி நேரத்தில் நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். உங்களைக் கேட்ட இளைஞரும் அதைக் கண்டுபிடித்தவர் இல்லை, படித்தவர். நீங்கள் சமீபத்தில் படித்திருக்கவில்லை. அன்றைக்கு அளந்தது அந்த ஒரு வித்தியாசத்தைத்தான். உங்கள் 16 வருடத்தை யாரும் அளக்கவே இல்லை. அளக்காத ஒன்று எப்படித் தோற்றதாகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசைப்படுத்திய எண்களில் நடுவைப் பார்த்துப் பார்த்துப் பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் தெரியாத நிரலாளர் இல்லை. ஜான் பென்ட்லி என்பவர் பெல் லேப்ஸிலும் ஐ.பி.எம்.மிலும் வகுப்பெடுத்தபோது, வேலையில் இருந்த நிரலாளர்களுக்கு இரண்டு மணி நேரம்போலக் கொடுத்து அதை எழுதச் சொன்னார். 90 சதவீதம் பேர் எழுதியதில் தவறு இருந்தது. ஜாவாவோடு வரும் பைனரி சர்ச்சை எழுதியவர் ஜோஷுவா ப்ளாக். வரிசையில் 107 கோடிக்கும் மேல் எண்கள் இருந்தால் நடுப்புள்ளியைக் கணக்கிடும் வரியில் அது உடைந்துபோகும் என்று 2006-ல் அவரே வெளிப்படையாக எழுதினார். உலகமே பயன்படுத்திய அந்த கோடில் அந்தத் தவறு ஒன்பது வருடம்போல யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. மேக் கம்ப்யூட்டர்களில் சாஃப்ட்வேர்களை நிறுவ லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹோவல், கூகுள் இன்டர்வியூவில் வெள்ளைப் பலகையில் பைனரி ட்ரீயைத் தலைகீழாக்க முடியாததால் நிராகரிக்கப்பட்டதாக 2015-ல் எழுதினார். நல்ல நிரலாளர் என்பதற்கும் அந்த அறையில் ஜெயிப்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

அதற்காக, நிறுவனங்கள் எதையுமே சோதிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரெஸ்யூமில் 14 வருடம் என்று எழுதியிருப்பவர், ஒரு லிஸ்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை நீக்கச் சொன்னால் திணறுவதைப் பேனலில் பார்த்திருக்கிறேன். வருடக் கணக்கை மட்டும் நம்பி யாரையும் எடுக்க முடியாது. என் கோபமெல்லாம், சோதிப்பதற்கு எளிதாக இருப்பதைச் சோதித்துவிட்டு, அதையே திறமை என்று எழுதிக் கொடுப்பதன் மேல்தான்.

சரி, இனி என்ன செய்வது? பல வருடம் பைக் ஓட்டியவராக இருந்தாலும் ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போட்டுக் காட்டித்தான் ஆக வேண்டும். அண்ணா சாலையில் யாரும் எட்டு போடுவதில்லை. இந்தக் கணக்குகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுக்கான சான்றாக நினைக்காமல், தனியாகப் பழக வேண்டிய ஒரு பயிற்சியாக நினையுங்கள். தினமும் ஒரு மணி நேரம், இரண்டு மூன்று மாதம். நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ள வேண்டாம். டூ பாயின்டர், ஸ்லைடிங் விண்டோ, ஹேஷ்மேப்பில் எண்ணி வைப்பது, ட்ரீயிலும் கிராஃபிலும் நடப்பது, பைனரி சர்ச், அடிப்படை டைனமிக் ப்ரோகிராமிங். பெரும்பாலான கேள்விகள் இவற்றுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் வாய்விட்டு விளக்கிக்கொண்டே போடுங்கள். மௌனமாகப் போடத் தெரிந்தவர்கள் பேச வேண்டிய இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இதைவிட முக்கியமானது, உங்கள் வேலையை நீங்களே எழுதி வைப்பது. லாக்4ஜே வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பேட்ச் போட்டோம்' என்று நீங்கள் சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை. எந்த சர்வீஸில் 1 வரிசை வெர்ஷன் இருந்தது, எதில் 2 வரிசை இருந்தது? நீங்கள் நேரடியாகச் சேர்க்காமல், வேறொரு லைப்ரரி வழியாக அது உள்ளே வந்திருந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? 2.15 போட்டு மூச்சு விடுவதற்குள் அது போதாது என்று 2.16 வந்தது, அதே வாரத்துக்குள் 2.17-ம் வந்துவிட்டது. அப்போது எதை முதலில் மாற்றினீர்கள், எதை நிறுத்தி வைத்தீர்கள், க்ளெய்ம் பேமென்ட் போகும் சர்வீஸை எப்போது ரீஸ்டார்ட் செய்யச் சம்மதம் வாங்கினீர்கள்? அந்த வாரம் உண்மையிலேயே உழைத்தவருக்கு மட்டும்தான் இதெல்லாம் தெரியும். இணையத்தில் படித்துவிட்டு யாரும் இதை ஒப்பிக்க முடியாது. இதுபோல நான்கைந்து சம்பவங்களை, தேதியும் எண்ணும் எடுத்த முடிவும் அதன் விளைவுமாக எழுதி வையுங்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆரம்பிப்பார்களே, அங்கேயே ஒன்றை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கு அக்கறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்பார்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அந்த டிசம்பர் வாரம் நீங்கள் தூங்காமல் இருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தானே.

கேள்வி: 11 வருடமாக ஜாவா. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் கேள்வி 'ஹேஷ்மேப் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது?', இரண்டாவது 'ஸ்ட்ரிங் ஏன் இம்மியூட்டபிள்?'. மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் பாஸாகிவிடுகிறார்கள். கல்லூரி முடித்த பையனிடம் கேட்பதையே என்னிடமும் கேட்பது நியாயமா?
வாசகர், கோவை

பதில்: இதில் நான் கொஞ்சம் கேட்பவர் பக்கம் நிற்கிறேன். ஹேஷ்மேப் (ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை உடனே எடுத்துத் தரும் அட்டவணை) நல்ல கேள்வி. கீயிலிருந்து கணக்கிடும் எண்தான் ஹேஷ்கோட், அந்த எண் காட்டும் அறைதான் பக்கெட். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை. 'ஹேஷ்கோட் பார்த்து பக்கெட்டைத் தேடும், பிறகு ஈக்வல்ஸ் பார்க்கும்' என்றவுடன் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், மனப்பாடம் செய்தவருக்கும் உங்களுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

அதனால் அவர்கள் நிறுத்தும் இடத்தில் நீங்கள் நிறுத்தாதீர்கள். 2014-ல் வந்த ஜாவா 8-லிருந்து ஒரு பக்கெட்டில் எட்டுக்கு மேல் சேர்ந்தால், மொத்த அட்டவணையும் 64 இடத்துக்குக் குறையாமல் இருந்தால், அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும் லிங்க்டு லிஸ்ட், கிளைகளாகப் பிரியும் ட்ரீயாக மாறிவிடும் என்பதைப் பலரும் சொல்வார்கள். ஏன் மாற்றினார்கள் என்று சொல்பவர்கள் குறைவு. ஒரே ஹேஷ் மதிப்பு வரும்படி ஆயிரக்கணக்கான பெயர்களை வேண்டுமென்றே தயாரித்து ஒரே ரிக்வெஸ்டில் அனுப்பினால் வெப் சர்வரையே திணற வைக்கலாம் என்று 2011 கடைசியில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாம் ஒரே பக்கெட்டில் போய் விழுந்து, தேடல் ஒவ்வொன்றாக நடக்கும். ட்ரீயாக்கினால் அந்த மோசமான நிலையிலும் தேடல் ஓரளவு வேகமாகவே இருக்கும். இதைச் சொல்லிவிட்டு உங்கள் அனுபவத்துக்கு வாருங்கள். கீயாகப் போட்ட ஆப்ஜெக்டின் ஒரு ஃபீல்டை யாரோ பின்னால் மாற்றிவிட, மேப்பில் இருக்கும் பொருள் கேட்டால் கிடைக்காமல் போன கதை 11 வருடத்தில் ஒரு தடவையாவது உங்களுக்கு நடந்திருக்கும். அந்தக் கதைதான் உங்கள் பதில். ஸ்ட்ரிங் ஏன் மாறாது என்ற அடுத்த கேள்விக்கும் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கேள்வி: குழந்தைக்காக நான்கு வருடம் வேலையை விட்டிருந்தேன். அதற்கு முன் 9 வருடம் டாட்நெட். இப்போது திரும்ப முயல்கிறேன். தனியாக உட்கார்ந்து போட்டால் கணக்குகள் வருகின்றன. ஆனால் ஸ்கிரீனை ஷேர் செய்து, இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதச் சொன்னால் கை ஓடவில்லை. இதற்கிடையே ஒரு கன்சல்டன்சி, பணம் கொடுத்தால் அந்த நான்கு வருடத்துக்கும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தருகிறோம் என்கிறது. என்ன செய்யட்டும் மேடம்?
வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கன்சல்டன்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். 2014 முதல் பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்ற, வேலை மாறினாலும் மாறாத ஒரே எண் வந்துவிட்டது. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று அதில் தெரியும். வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் பிடிபட்டால், உண்மையான உங்கள் 9 வருடமும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். அந்த நான்கு வருடத்தை உள்ளபடியே எழுதுங்கள். குழந்தை வளர்த்தேன் என்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

கை ஓடாதது பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு ஆய்வு உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-ல் வெளியிட்டது. 48 கணினி அறிவியல் மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை அதே மாதிரிக் கணக்கைத் தனி அறையில் தனியாகப் போடச் சொன்னார்கள். பார்வையாளர் இருந்தபோது மதிப்பெண் பாதிக்கும் கீழே போனது. அதில் பங்கேற்ற பெண்கள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் கூர்மை. பார்க்கப்பட்ட பிரிவில் ஒரு பெண்கூடச் சரியாக முடிக்கவில்லை, தனியறைப் பிரிவில் இருந்த பெண்கள் எல்லாருமே சரியாக முடித்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. எத்தனை நல்ல பெண்களைப் 'பிரஷர் தாங்க மாட்டார்' என்று எழுதி அனுப்பியிருப்போம்!

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஹெச்.ஆர். முதலில் போன் செய்யும்போதே, 'வீட்டில் செய்து தரும் அசைன்மென்ட் அல்லது என் கோடைப் பற்றிய உரையாடல் மாதிரியான ரவுண்டு இருக்கிறதா?' என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை, சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். இல்லை என்றால், கேள்வியைக் கேட்டவுடன் 'ஐந்து நிமிடம் பேசாமல் யோசித்துவிட்டு விளக்குகிறேன்' என்று சொல்லுங்கள். அனுமதி கேட்கும் குரலில் வேண்டாம், இயல்பாகச் சொல்லுங்கள். என் பேனலில் யாராவது அப்படிச் சொன்னால் நான் என் மைக்கை அணைத்து, கேமராவையும் அணைத்துவிடுவேன்.

அப்புறம் ஒரு தோழியையோ தம்பியையோ எதிரில் உட்கார வைத்துப் பழகுங்கள். அவருக்கு கோடிங் தெரிய வேண்டியதில்லை. ஒரு ஆள் பார்க்கிறார் என்பது பழகினால் போதும். இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கென்றே தனித் திட்டம் நடத்தும் நிறுவனங்கள் சென்னையிலும் இருக்கின்றன. அவற்றில் இந்த இடைவெளியைப் பற்றி நீங்கள் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. முதலில் அவற்றுக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ஆன்லைன் இன்டர்வியூவில் 'கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுங்கள்' என்றார்கள். ஏ.ஐ. பார்த்துப் படிக்கிறேனோ என்ற சந்தேகமாம். 13 வருட அனுபவம் உள்ள எனக்கு அவமானமாக இருந்தது.
வாசகர், நாவலூர்

பதில்: அவமானம்தான். ஆனால் பேனலில் இருப்பவர்களும் சூடுபட்டவர்கள். ஒருவர் இன்டர்வியூவில் பேச, வேறொருவர் வேலைக்கு வந்து நின்ற ப்ராக்ஸி மோசடிகள் ஏ.ஐ. வருவதற்கு முன்பே நம் ஊரில் இருந்தன. இப்போது பதிலையே திரையில் எழுதிக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. அதற்கு மருந்து கண்ணைக் கட்டுவது இல்லை, கேள்வியை மாற்றுவது. 'நீங்கள் செய்த அந்த மாற்றத்தை உங்கள் டீமில் யார் எதிர்த்தார்கள், ஏன்?' என்று கேட்டால் எந்தக் கருவியாலும் நெடுநேரம் ஒப்பேற்ற முடியாது. அடுத்த முறை இப்படிச் சொன்னால், 'நேரில் வந்து உட்காரவும் தயார், தேதி சொல்லுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். நாவலூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த அலுவலகத்துக்கும் போய்விடலாம். நேரில் பார்க்க அவர்களுக்கு மனம் இல்லையென்றால், அந்த இடத்தில் சேராமல் போனதற்காக வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: வயது 46. ஒரு நிறுவனம் அசைன்மென்ட் கொடுத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, டெஸ்ட் எல்லாம் எழுதி முடித்து அனுப்பினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. போதாக்குறைக்கு என் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றதும் பாதி இடங்களில் போனையே வைத்துவிடுகிறார்கள்.
வாசகர், அம்பத்தூர்

பதில்: பதில் சொல்லாமல் விடுவதை நான் மன்னிப்பதே இல்லை. 46 வயதில், குடும்பத்தோடு கழிக்க வேண்டிய இரண்டு நாளை ஒருவர் கொடுத்திருக்கிறார். 'தேர்வாகவில்லை, இன்ன காரணம்' என்று இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் ஆகாது. அதைக்கூடச் செய்யாத இடத்தில் உள்ளே இருப்பவர்களை எப்படி நடத்துவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு மெயில் போடுங்கள், ஒரு வாரம் பாருங்கள், மனதிலிருந்து அழித்துவிடுங்கள்.

இனிமேல் அசைன்மென்ட் வந்தால், தொடங்கும் முன்பே மூன்று விஷயம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம் செலவிட எதிர்பார்க்கிறார்கள், யார் படித்துப் பார்ப்பார், அதைப் பற்றிப் பேச ஒரு ரவுண்டு உண்டா. நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, 'நேரம் இருந்திருந்தால் இன்னும் இவற்றைச் செய்திருப்பேன்' என்று ரீட்மீயில் (கோடோடு அனுப்பும் விளக்கக் குறிப்பில்) எழுதுங்கள். எதை விட்டோம் என்று தெரிந்து விடுவது அனுபவசாலியின் அடையாளம், படிக்கத் தெரிந்தவர் அதைக் கவனிப்பார். அசைன்மென்ட் என்ற பெயரில் அவர்களுடைய நிஜ ப்ராடக்டில் ஒரு பகுதியைச் செய்யச் சொல்வதுபோல் தோன்றினால் மறுத்துவிடுங்கள்.

90 நாள் விஷயத்தில் அவசரப்பட்டு முதலில் ராஜினாமா மட்டும் செய்துவிடாதீர்கள். பணம் கட்டி முன்கூட்டியே விடுபட முடியுமா என்று உங்கள் நியமன உத்தரவைப் படித்துப் பாருங்கள். முடியும் என்றால், அந்தத் தொகையைப் புதிய நிறுவனம் ஏற்குமா என்று கடைசி ரவுண்டில் கேளுங்கள். முதல் போனிலேயே '90, ஆனால் பை-அவுட் உண்டு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் போன் உடனே வைக்கப்படாது.

கேள்வி: அக்கா, நான் எதிர்ப்பக்கம். வயது 29. ஆறு வருட அனுபவம். திடீரென்று 'நாளையிலிருந்து நீ பேனல்' என்றார் மேனேஜர். பயிற்சி ஒன்றும் இல்லை. ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில் ரெஸ்யூமைப் பார்க்கக்கூட நேரம் இல்லாமல், இணையத்தில் கிடைத்த லிஸ்டிலிருந்து கேட்கிறேன். என்னைவிட இருமடங்கு அனுபவம் உள்ளவர் எதிரில் திணறும்போது சங்கடமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது என்று சொல்லித் தாருங்கள்.
வாசகர், சிறுசேரி

பதில்: தம்பி, இந்த முறை வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. மேலே எழுதியிருக்கும் ஐந்து பேரின் வலியும் உங்கள் நாற்காலியிலிருந்துதான் தொடங்குகிறது. அதைச் சரிசெய்யவும் உங்களால்தான் முடியும்.

கூகுளில் மனிதவளப் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் ஒரு பேட்டியில் சொன்னதைக் கேளுங்கள். பல்லாயிரம் இன்டர்வியூக்களை எடுத்து, கேட்டவர் கொடுத்த மதிப்பெண்ணையும் அந்த ஆள் பிறகு வேலையில் எப்படி இருந்தார் என்பதையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. 'ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும்' வகைப் புதிர்க் கேள்விகள் முழுக்க வீண் என்றும் சொன்னார். எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளை, ஒரே அளவுகோலோடு கேட்பதுதான் பயன் தந்தது என்றார். வேலைக்கு ஆளெடுப்பது பற்றி 1998-ல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்ததிலும், 2022-ல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கை மறுபடி சரிபார்த்ததிலும் இந்த ஒரு விஷயம் மாறவில்லை: முன்கூட்டியே திட்டமிட்ட இன்டர்வியூ, வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட நன்றாகக் கணிக்கிறது. வருட அனுபவம் என்ற எண் தனியாக மிகக் குறைவாகவே கணிக்கிறது. ஆகவே ரெஸ்யூமில் உள்ள எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை உடைத்துக்காட்ட வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். 15 நிமிடம் ரெஸ்யூம் படிக்காமல் நான் கூப்பிடுவதில்லை. அந்த 15 நிமிடத்தை உங்கள் காலண்டரில் மீட்டிங் மாதிரியே போட்டு வையுங்கள். மேனேஜர் கேட்டால், இதுவும் இன்டர்வியூவின் பகுதி என்று சொல்லுங்கள்.

பிறகு, என்னிடம் 120 வரி கோடு ஒன்று இருக்கிறது. பணம் அனுப்பும் ஒரு சின்ன சர்வீஸ். அதில் வேண்டுமென்றே சில தவறுகள் வைத்திருக்கிறேன். பணத்தை, தசமங்களைத் தோராயமாகவே வைக்கும் டபுளில் வைத்திருப்பது, எக்ஸெப்ஷனை (ஓடும்போது வரும் பிழையை) பிடித்து வெளியே தெரியாமல் விழுங்குவது, ரீட்ரை செய்யும்போது ஒரே தொகை இரண்டு முறை போய்விடும் சாத்தியம், லாகில் கணக்கு எண் அச்சாவது, லூப்புக்குள் டேட்டாபேஸ் அழைப்பு. 'உங்கள் ஜூனியர் இதை ரிவ்யூவுக்கு அனுப்பியிருக்கிறார். என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு, பத்து நிமிடம் தனியாகப் படிக்க விட்டுவிடுவேன். அனுபவம் உள்ளவர் இரட்டைப் பேமென்டிலும் டபுளிலும் போய் நிற்பார். அனுபவம் இல்லாதவர் வேரியபிள் பெயரையும் இடைவெளியையும் திருத்துவார். சொல்லும் தொனியும் முக்கியம். அந்தக் கற்பனை ஜூனியரைத் திட்டுபவர் நாளை உங்களையும் திட்டுவார்.

அடுத்தது ஒரு சம்பவம். 'ப்ரொடக்‌ஷனில் ஒன்று உடைந்து நீங்கள் சரிசெய்த நாளைச் சொல்லுங்கள்.' அவர் சொல்லச் சொல்ல, 'முதலில் எந்த லாகைப் பார்த்தீர்கள்? உங்கள் முதல் ஊகம் என்ன? அது தப்பென்று எப்போது தெரிந்தது?' என்று உள்ளே உள்ளே போங்கள். செய்தவரிடம் கேட்கக் கேட்க விவரம் கூடிக்கொண்டே போகும். செய்யாதவர் மூன்றாவது கேள்வியில் 'டீமில் செய்தார்கள்' என்று ஒதுங்குவார். உங்கள் லிஸ்டில் உள்ள எந்த அல்காரிதமும் எனக்கு இவ்வளவு காட்டியதில்லை.

கோடு எழுத வைக்க வேண்டுமா? வையுங்கள். வேலையில் வரும் மாதிரி ஒன்றைக் கொடுங்கள். ஒரு சி.எஸ்.வி. கோப்பைப் படித்து வாடிக்கையாளர்வாரியாகக் கூட்டுவது போதும். அவருடைய கணினியில், அவருக்குப் பழகிய எடிட்டரில், இணையத்தில் தேடவும் அனுமதித்து. நீங்கள் வேலை செய்யும்போது தேடுவதில்லையா?

முடிந்தவுடன், அடுத்த பேனல்காரரிடம் பேசும் முன்பே மதிப்பெண்ணையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள். 'நல்ல ஆள் மாதிரி தெரிகிறது' என்று சீனியர் ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு உங்கள் கருத்து அவர் கருத்தாகிவிடும். நிராகரித்தால், அவருக்குப் பயன்படும் ஒரு காரணத்தை எழுதி ஹெச்.ஆருக்குக் கொடுத்து, அதை அவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினார்களா என்றும் கேளுங்கள்.

120 வரி கோடு உங்களிடம் இல்லையென்றால் உங்கள் டீமின் பழைய புல் ரிக்வெஸ்ட் (ரிவ்யூவுக்கு அனுப்பிய கோடு மாற்றம்) ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கிளயன்ட்டை அடையாளம் காட்டும் எதுவும் அதில் மிஞ்சக் கூடாது. கோடு வெளியே போகலாமா என்று மேனேஜரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், சந்தேகம் இருந்தால் அதே மாதிரி ஒன்றைப் புதிதாக எழுதிவிடுவது நல்லது. வெளியாட்களிடம் காட்டும் முன் உங்கள் டீமிலேயே இரண்டு பேரிடம், ஒரு சீனியர் ஒரு ஜூனியர், கொடுத்துப் பாருங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தக் கோடு உதவாது, மாற்றுங்கள்.